முட்டிக்கு ஜெல் தடவுவது எப்படி: ஏலமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடிவதற்கு முன்பே கம்பத்தில் தோட்ட ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள், மருந்துக்கடை ஷட்டரை நான் பாதி தூக்கும்போதே வந்து நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, முட்டிக்கு ஒரு டியூப் கொடு." ஏலச்செடியில் காய் பிடிப்பது உச்சியில் அல்ல, அடித்தூரில், தரையோடு படரும் சரத்தில். நாளெல்லாம் குந்தியும் குனிந்தும் எடுத்தால் முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

ஒரு நாள் ஓர் அக்கா பழைய டியூபை மேசைமேல் போட்டு, இது தண்ணீர், வேறு கம்பெனி கொடு என்றார். எப்படித் தடவினீர்கள் என்று கேட்டேன். விரல் நுனியில் துவரம்பருப்பு அளவு எடுத்துக் காட்டினார். 30 கிராம் டியூபை நான்கு மாதமாக வைத்திருந்தாராம். அதைத் தேங்காய் எண்ணெய் தேய்த்த முட்டியின் மேல் தடவி, உடனே வெந்நீர் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார். மருந்தில் குறை இல்லை, அளவிலும் வரிசையிலும்தான் குறை. இந்தப் பிழைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால், கடையில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

1. எந்த வலிக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

டைக்ளோபினாக், கீட்டோபுரோஃபென், பைராக்சிகாம் போன்ற மருந்துகள் அழற்சியைக் குறைப்பவை. அடிபட்ட அல்லது தேய்ந்த இடத்தில் உடல் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் வீக்கத்தையும் வலியையும் தூண்டுகிறது. அது உருவாவதை இவை தடுக்கின்றன. ஜெல்லாகத் தடவும்போது மருந்து தோலைக் கடந்து அடியில் இருக்கும் திசுவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டுக்குத்தான் நல்ல பலன் கிடைக்கும். முட்டி, கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டு, முழங்கை ஆகியவை அந்த வகை.

இடுப்பு மூட்டு சதைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. முதுகெலும்பும் அப்படித்தான். "இடுப்புக்குத் தடவினேன், கேட்கவில்லை" என்பவரிடம் நான் இரண்டாவது டியூப் விற்பதில்லை. கீழ் முதுகிலிருந்து தொடை வழியாகக் கால்வரை மின்சாரம் போல இழுக்கும் வலி நரம்பு அழுந்துவதால் வருவது. அதற்கு இந்த ஜெல் வழி அல்ல.

கீழே சொல்லும் வலிகளுக்கு ஜெல்லைத் தொடவே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்:

நெஞ்சு, இடது தோள், தாடை, கை என்று பரவி, வியர்வையோடு வரும் வலி. இது மூட்டு வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். தோளில் ஜெல் தடவிக்கொண்டு படுத்துவிட்டு மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும்.

காய்ச்சலோடு வரும் மூட்டு வலியும் சதை வலியும். மழைக்காலத்தில் ஈரத்தில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் எலிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். டெங்குவும் சிக்குன்குனியாவும் வலியோடுதான் வரும். வலியை மறைத்துக்கொண்டு நாள் கடத்தினால் ஆபத்து கூடும்.

ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கி நிற்பது. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இரண்டு கை விரல் மூட்டுகளும் காலையில் அரை மணிக்கும் மேல் மடங்காமல் விறைத்து நிற்பது. கடைசியாகச் சொன்னது முடக்குவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்கு விரல்கள் கோணாமல் தப்பும்.

2. கேட்டுவிட்டுத் தடவ வேண்டியவர்கள்

மேலே தடவுவதுதானே என்ற அலட்சியம் பலருக்கு உண்டு. ஒரு முட்டிக்கு முழு அளவில் தடவினால் ரத்தத்தில் சேருவது, அதே மருந்தை மாத்திரையாக விழுங்கும்போது சேருவதில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு போன்ற கெடுதல்கள் குறைவாக வருவது இதனால்தான். வயதானவர்களுக்கு மாத்திரையைவிட ஜெல்லை முதலில் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் 6 சதவீதம் என்பது பூஜ்யம் அல்ல.

வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிட்டு எப்போதாவது மூச்சுத் திணறல், தடிப்பு, முக வீக்கம் வந்திருந்தால் இந்த ஜெல்லைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் எந்த மாதமானாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும், 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கவே வேண்டும். குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தின் ரத்தக் குழாயையும் அது பாதிக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு, ரத்தம் கசிந்த வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களும், இதய அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களும் கேட்காமல் தொடங்கக்கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. தைல வாசனை வரும் கலப்பு ஜெல்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகப் போயே அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தக் கசிவில் போய் முடியும்.

இன்னொன்று, எல்லையில் அதிகம் பார்ப்பது. குமுளியில் ஒரு மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு பையில், கம்பத்தில் வாங்கிய ஜெல் இன்னொரு பையில் இருக்கும். மாத்திரை அசெக்ளோபினாக், ஜெல் டைக்ளோபினாக். இரண்டும் ஒரே குடும்பம். போதாததற்கு, ஏதோ ஒரு கடையில் பெயர் இல்லாத காகிதத்தில் மடித்துக் கொடுத்த "ஒரு செட் மாத்திரை" வேறு. அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஸ்டீராய்டுகூட இருக்கலாம். ஜெல் தொடங்கும் முன் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். எது எதோடு மோதும் என்று பார்ப்பது எங்கள் வேலை.

3. பெட்டியின் சிறு எழுத்தைப் படியுங்கள்

மேலே பெரிதாக அச்சிட்ட பெயர் வியாபாரப் பெயர். தமிழ்நாட்டில் ஒன்று, கேரளத்தில் வேறொன்று என்று விற்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவுகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது கீழே இருக்கும் சேர்மானப் பட்டியல். படிக்கத் தெரியாவிட்டால் கடையில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது.

டைக்ளோபினாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம் என்றிருப்பதும் டைக்ளோபினாக் சோடியம் 1 சதவீதம் என்றிருப்பதும் வலிமையில் ஒன்றுதான். கூட ஒட்டியிருக்கும் உப்பின் எடைதான் வேறு. 2.32 சதவீதம் என்றிருந்தால் இரு மடங்கு. அதை நாளுக்கு இரண்டு வேளைக்கு மேல் தடவக்கூடாது.

நம் ஊரில் அதிகம் விற்பவை கலப்பு ஜெல்கள். டைக்ளோபினாக்கோடு மெத்தில் சாலிசிலேட், மென்தால், ஆளிவிதை எண்ணெய் சேர்ந்திருக்கும். சிலவற்றில் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினும் உண்டு. தடவியதும் சில்லென்று குளிர்வது மென்தாலால், காந்துவது கேப்சைசினால். இந்தக் குளிர்ச்சியையும் எரிச்சலையும்தான் பலர் மருந்து வேலை செய்யும் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். டைக்ளோபினாக் தோலில் எந்த உணர்ச்சியும் தராமல் உள்ளே போகும். எரிச்சல் இல்லாத வெறும் ஜெல்லைக் கொடுத்தால் "இதில் சத்து இல்லை" என்று திருப்பித் தருகிறவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். எனக்கு அந்த வெறும் ஜெல்தான் பிடிக்கும். தோல் எரிச்சல் குறைவு, வாசனை இல்லை, எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்ற கணக்கும் தெளிவு.

கீட்டோபுரோஃபென் ஜெல்லுக்கு ஒரு சங்கடம் உண்டு. தடவிய இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் கடுமையாகச் சிவந்து கொப்பளிக்கும். தடவும் நாட்களில் மட்டுமல்ல, நிறுத்தி இரண்டு வாரம் வரையிலும் அந்த இடத்தை மூடி வைக்க வேண்டும். வெளிவேலை செய்கிறவர்களுக்கு நானாக அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

4. தோலைத் தயார் செய்யுங்கள்

தோட்டத்திலிருந்து வந்த காலோடு தடவக்கூடாது. ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது அதிகம். அது காலிலும் கையிலும் ஒட்டியிருக்கும். ஜெல்லில் மருந்தைத் தோலுக்குள் கொண்டுபோகத் தனியாகச் சில பொருட்கள் சேர்த்திருக்கிறார்கள். அவை வழி திறந்துவிடும்போது பூச்சிமருந்தும் கூடவே நுழைய இடம் கொடுப்பானேன்? சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, துடைத்து, தோல் நன்றாக உலர்ந்த பிறகு தடவுங்கள்.

கால் இரண்டையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். அட்டை கடித்த இடம், முள் கீறியது, சொறிந்த புண், சேற்றுப்புண் எதன்மேலும் ஜெல் படக்கூடாது. உடைந்த தோல் வழியாக மருந்து கணக்கில்லாமல் உள்ளே போகும், எரிச்சலும் தாங்காது. கணுக்காலில் நாலைந்து அட்டைக்கடி இருந்தால் அது ஆறும்வரை கணுக்காலை விட்டுவிடுங்கள், முட்டிக்கு மட்டும் தடவுங்கள். அட்டையை விரட்ட உப்போ புகையிலையோ பூசியிருந்தால் அதையும் கழுவிய பிறகே.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எல்லை தாண்டினால் முறிவெண்ணெய், கொட்டஞ்சுக்காதி, தன்வந்தரம் குழம்பு என்று ஒரு வரிசை கிடைக்கும். வீட்டில் இரண்டு மூன்று புட்டிகளாவது இருக்கும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் பூசிய தோலின்மேல் ஜெல்லைத் தடவினால் அது எண்ணெய்மேல் மிதந்து வேட்டியிலும் பாயிலும் ஒட்டிப் போகும் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கு எண்ணெயா, ஜெல்லா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜெல் தொடங்கினால் குறைந்தது ஒரு வாரம் அந்த இடத்துக்கு ஜெல் மட்டும். இல்லாவிட்டால் எது கேட்டது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

5. அளவு: பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து ஒரு கோடு போலப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். மருத்துவத்தில் இதற்கு விரல்நுனி அளவு என்று பெயர். நம்பாமல் ஒரு முறை பக்கத்துக் கடை ஏலக்காய் வியாபாரியிடம் சாம்பிள் நிறுக்கும் மின்னணுத் தராசை இரவல் வாங்கி, நானே என் விரலில் பிதுக்கியதை வழித்து நிறுத்துப் பார்த்தேன். அரை கிராமை ஒட்டித்தான் வந்தது. தராசில் ஜெல்லைக் கண்டு அவர் முகம் சுளித்தது வேறு கதை.

இனிக் கணக்கு. 1 சதவீத டைக்ளோபினாக் ஜெல்லுக்கு ஒரு வேளை அளவு 2 முதல் 4 கிராம் வரை, நாளுக்கு 3 அல்லது 4 வேளை. முட்டி, கணுக்கால், பாதம் போன்ற பெரிய இடத்துக்கு 4 கிராம், அதாவது எட்டு விரல்நுனி. கை, மணிக்கட்டு, முழங்கைக்கு 2 கிராம், அதாவது நான்கு விரல்நுனி. உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளில் 32 கிராமைத் தாண்டக்கூடாது.

ஒரு முட்டிக்கு எட்டு விரல்நுனி என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு 30 கிராம் டியூப் இரண்டு நாளைக்குக்கூட வராதே என்று கணக்குப் போட்டுச் சிரிப்பை நிறுத்துவார்கள். உண்மைதான், வராது. நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 4 கிராம் என்றால் 16 கிராம். துவரம்பருப்பு அளவில் நான்கு மாதம் ஓட்டிய டியூப் இது என்பதை நினைத்துப் பாருங்கள். கூலிக்குப் போகிறவரிடம் இரண்டு நாளுக்கு ஒரு டியூப் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அதனால் நான் சொல்லும் சமரசம் இதுதான்:

இரண்டு முட்டியும் வலித்தால் அதிகம் வலிக்கும் முட்டிக்கு மட்டும் முதலில் தடவுங்கள். வேளைக்கு நான்கு விரல்நுனி, அதாவது 2 கிராம், மூன்று வேளை. நாளுக்கு 6 கிராம் ஆகும், 30 கிராம் டியூப் ஐந்து நாள் வரும். இது சொல்லப்பட்ட அளவின் கீழ் எல்லை, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இருக்கும் ஒரு டியூபை நான்கு இடத்துக்குப் பங்கு போட்டால் எந்த இடத்துக்கும் மருந்து போதாது.

வாங்கும்போது பெரிய டியூபாகக் கேளுங்கள், கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் மலிவாக இருக்கும். பொதுப் பெயரில் விற்கும் ஜெல் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதே மருந்துக்குக் குறைந்த விலை. என் கடை வியாபாரம் போகும் என்று இதைச் சொல்லாமல் விட முடியாது.

6. தடவுங்கள், பிசையாதீர்கள்

ஜெல்லை முட்டியின்மேல் நான்கு இடத்தில் வைத்து, உள்ளங்கையால் மெதுவாகப் பரப்புங்கள். வெள்ளைத் தடம் மறையும்வரை பரப்பினால் போதும். அழுத்திப் பிசைவதால் மருந்து ஆழமாக இறங்கிவிடாது. புதிதாகப் பிசகிய கணுக்காலை அழுத்தி உருவினால் உள்ளே கசியும் ரத்தம் கூடி வீக்கம்தான் பெரிதாகும்.

முட்டிச் சில்லின் மேலே மட்டும் தடவுவது பொதுவான பிழை. குந்தி, மண்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கு அங்கே தோல் காய்த்துத் தடித்திருக்கும். மருந்து நுழைவது குறைவு. மூட்டு இணையும் கோடு முட்டியின் இரு பக்கங்களிலும் இருக்கிறது. முட்டியைச் சுற்றி, பக்கவாட்டிலும் பின்மடிப்பிலும் சேர்த்துத் தடவுங்கள். விரல் மூட்டுக்கும் இதே நியாயம்தான். உள்ளங்கைப் பக்கம் காய்ப்பு இருக்கும், புறங்கைப் பக்கம் தடவுங்கள்.

முடிந்ததும் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கலப்பு ஜெல் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தவர் இரண்டாம் முறை இதை மறக்க மாட்டார். கை வலிக்கே தடவியிருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் கழுவாமல் இருங்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதால், கைக்கான வேளையை இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது தூங்கிய பிறகு.

7. அடுத்த ஒரு மணி நேரம்

பத்து நிமிடம் துணி படாமல் விடுங்கள். ஒரு மணி நேரம் நனைக்காதீர்கள். மருந்து மேல்தோலில் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே இறங்கும். தடவிய கையோடு குளிக்கப் போனால் காசு சாக்கடையில் போகும்.

சூடு கூடவே கூடாது. இதை நான் சொந்தத் தப்பிலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் அம்மாவின் முட்டிக்குக் கலப்பு ஜெல் தடவி, இன்னும் இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டினேன். அரை மணியில் அம்மா கத்தினார். அவிழ்த்தபோது பையின் வடிவத்திலேயே தோல் சிவந்து, ஓரத்தில் இரண்டு கொப்புளங்கள். மருந்தாளுநர் பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள மருந்துகளால் தீப்புண் போன்ற காயங்கள் வருவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்திருந்ததை நான் பிற்பாடுதான் படித்தேன். சூடு தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை அளவுக்கு மீறி உள்ளே இழுக்கிறது. குளிர்ச்சி உணர்வு சுடுவதைத் தெரியாமல் மறைக்கிறது. உப்பு ஒத்தடம் வேண்டுமானால் முதலில் கொடுத்து, தோல் பழைய நிலைக்கு ஆறிய பிறகு ஜெல் தடவுங்கள். வரிசை மாறக்கூடாது.

இறுக்கிக் கட்டுவதும் சூடு வைப்பதைப் போன்றதுதான். முட்டி உறையை உடனே மாட்ட வேண்டாம். மழைக்காலத்தில் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு காய் எடுப்பவர்களுக்கு இது முக்கியம். ஈரமான ஜெல்லின்மேல் பிளாஸ்டிக் மூடினால் தோல் புழுங்கி, மருந்து கட்டுப்பாடில்லாமல் நுழையும், தடிப்பும் வரும். நன்றாகக் காய்ந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே பிளாஸ்டிக்.

ஸ்பிரே வகையில் எரியும் தன்மையுள்ள கரைப்பான் இருக்கிறது. அடுப்புப் பக்கத்திலோ பீடி பற்றவைத்துக்கொண்டோ அடிக்காதீர்கள்.

8. ஜீப் நேரத்துக்கு ஏற்ற வேளைகள்

பெட்டியில் மூன்று நான்கு வேளை என்று எழுதிவிடுகிறார்கள். நடுப்பகலில் தோட்டத்தில் நின்றுகொண்டு, கையில் மண்ணோடு தடவ முடியுமா? முடியாது, தடவவும் வேண்டாம். நான் சொல்வது: காலை எழுந்து முகம் கழுவியதும் ஒரு வேளை. சமைத்து, தூக்குவாளி கட்டி ஜீப் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். மாலை வந்து குளித்ததும் இரண்டாவது. படுக்கும் முன் மூன்றாவது. இரண்டு வேளைக்கு நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால் போகட்டும், அடுத்த வேளையில் இரட்டிப்பாகத் தடவக்கூடாது. வலி வந்தபோது மட்டும் தடவுவதும் சரியல்ல. சுளுக்குக்கு அது ஓரளவு செல்லும். தேய்மான வலிக்குத் தொடர்ந்து தடவினால்தான் திசுவில் மருந்து நிலைக்கும்.

9. ஏழு நாள் கணக்கு

எதை எதிர்பார்க்கலாம்? புதிதாக வந்த சுளுக்கு, பிசகு, சதைப்பிடிப்புக்கு இந்த ஜெல்கள் நன்றாகவே கேட்கும். ஓரிரு நாளில் வித்தியாசம் தெரியும். முட்டித் தேய்மானத்துக்கு அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தடவிப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில், டைக்ளோபினாக் தடவிய பத்துப் பேரில் ஆறு பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் ஜெல்லைத் தடவியவர்களில் ஐந்து பேருக்கு அதே அளவு குறைந்தது. பத்துக்கு ஒருவர்தான் வித்தியாசம். ஆனாலும் இதை முதல் மருந்தாக வைப்பதற்குக் காரணம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அதிகம் தொடாமல் வேலை செய்வதுதான். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஜெல்லும் வளர்க்காது. தொடைச் சதையை வலுவாக்கும் பயிற்சியும், குந்துவதற்குப் பதிலாக ஒரு சிறு முக்காலியும் இந்த ஜெல் அளவுக்கே முக்கியம் என்பேன்.

வலி குறைந்ததா என்று நினைவை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேற்றைய வலி இன்றைக்கு நினைவில் இருக்காது. வேலை ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் நாளில் ஜீப்பின் பின்படியில் ஏற எத்தனை கை உதவி தேவைப்பட்டது, கழிவறையில் எழும்போது சுவரைப் பிடித்தீர்களா என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். ஏழாம் நாள் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். துவரம்பருப்பு அக்காவுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் வந்து, வலி போகவில்லை தம்பி, ஆனால் யாரும் இழுக்காமல் ஜீப்பில் ஏறுகிறேன் என்றார். ஒரு பெரிய டியூப் வாங்கிக்கொண்டு போனார்.

சரியான அளவில், சரியான வரிசையில் ஏழு நாள் தடவியும் துளி மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாற்றம் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மூன்று வாரத்தைத் தாண்ட வேண்டாம்.

தடவிய இடத்தில் லேசான வறட்சி, சிவப்பு வந்தால் இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். அரிப்போடு தடிப்பு, கொப்புளம் வந்தால் அந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலம் கறுத்துப் போவது, கால் வீங்குவது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறுவது ஆகியவை தெரிந்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. போகும்போது டியூபின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். "வெள்ளையும் பச்சையுமாக ஒரு டியூப்" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் விளங்காது.

10. டியூபை எங்கே வைப்பது

ஜன்னல் ஓரத்திலும் அடுப்பு மேடையிலும் வேண்டாம், சூட்டில் ஜெல் பிரிந்து நீர்த்துப்போகும். பற்பசை வைக்கும் மாடத்தில் வைக்கவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் நாலரை மணி இருட்டில் இதைப் பல்லில் தேய்த்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். படர்தாமரைக்கு வாங்கிய களிம்பு டியூபும் இதே அளவில், இதே நிறத்தில் இருக்கும். பெட்டியை எறியாமல் அதற்குள்ளேயே போட்டு வையுங்கள், மேலே பேனாவால் "முட்டி" என்று எழுதி, திறந்த தேதியையும் போட்டுவிடுங்கள்.

நாயோ பூனையோ வளர்க்கிற வீடாக இருந்தால் தடவிய காலை அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குச் சிறிதாகத் தெரியும் அளவு அவற்றின் சிறுநீரகத்துக்குப் பெரிது. காலியான டியூபையும் வாசலில் வீசாமல், மூடி போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.